ஓடும் என்று சொன்னவள்

பழனிசெட்டிபட்டியில் இருக்கும் கார் ஷோரூமில் ஜெபஷீலா வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. எலக்ட்ரிக் கார் வாங்க வருகிறவர்கள் என்ன கேட்பார்கள் என்பது அவளுக்கு மனப்பாடம். பெட்ரோல் காசு எவ்வளவு மிச்சமாகும், ஒரு தடவை சார்ஜ் போட்டால் மதுரைக்குப் போய்த் திரும்பலாமா, போடிமெட்டு ஏறுமா, மழைத் தண்ணீரில் இறக்கினால் ஷாக் அடிக்குமா. எல்லாவற்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது. பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்த ஹைபிரிட் வண்டிதான் வேண்டும் என்று முடிவோடு வருகிறவர்களைக்கூட ஒரு டீ ஆறுவதற்குள் முழு எலக்ட்ரிக் பக்கம் திருப்பிவிடுவாள். அதனாலேயே மேனேஜர் முத்துராஜா, பிடி கொடுக்காத ஆட்களை அவளிடம் அனுப்புவார்.

பண்ணைப்புரம் கருத்தக்கண்ணன் அப்படி அனுப்பப்பட்டவர். அறுபதைத் தாண்டிய விவசாயி. திராட்சையும் கொஞ்சம் தென்னையும் வைத்திருந்தார். இரண்டு முறை வந்து வெள்ளைக் காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஓட்டிப் பார்க்காமலே போனார். மூன்றாம் முறையும் அப்படித்தான் கிளம்பினார். கண்ணாடிக் கதவைத் தள்ளப் போனவர் நின்று கேட்டார்.

"ஏத்தா, இந்தக் காருல இருந்து வீட்டுக்குக் கரண்டு எடுக்கலாம்னு பேப்பர்ல போட்டுருந்தாகளே, நெசமா?"

"நெசந்தான்யா. அதுக்கு ஒரு அடாப்டர் இருக்கு. சார்ஜ் போடுற எடத்துல மாட்டிட்டா ஃபேன், டிவி, மிக்சி எல்லாம் ஓடும்."

"ஆக்சிஜன் மிஷினு ஓடுமா?"

ஜெபஷீலா யோசிக்கவே இல்லை. "தாராளமா ஓடும்யா" என்றாள்.

கம்பெனி அனுப்பிய வீடியோவில், கடற்கரையில் ஒரு ஜோடி அந்த அடாப்டரை மாட்டிக் காபி போட்டுக் குடித்ததைத்தான் அவள் பார்த்திருந்தாள். வாடிக்கையாளர்கள் ஓட்டிப் பார்க்க ஷோரூமில் வைத்திருந்த டெமோ காரின் டிக்கியில் ஓர் அடாப்டர் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது.

கருத்தக்கண்ணன் திரும்பி வந்து அவள் எதிரில் உட்கார்ந்தார். "அப்ப எழுதிக்க" என்றார். என்ன கலர் என்றுகூடக் கேட்கவில்லை.

வண்டி வந்தது, அடாப்டர் வரவில்லை. ஸ்டாக் இல்லை, பின்னால் அனுப்புகிறோம் என்று கம்பெனியில் சொன்னார்கள். "அடுத்த வாரம் வந்துரும்யா" என்று ஜெபஷீலா சொன்னாள். அடுத்த வாரமும் அதையே சொன்னாள். பிறகு அவருடைய நம்பர் வந்தால், வேறு வாடிக்கையாளரோடு இருப்பதுபோல் போனைக் கவிழ்த்து வைக்கப் பழகிக்கொண்டாள்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. இரண்டு நாளாக விடாத மழை. மூன்றாம் நாள் காலையில் ஷோரூம் ஷட்டரைத் திறந்து தரையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவர் கூப்பிட்டார். ஏனோ அன்றைக்கு அவள் எடுத்தாள்.

"ஆத்தா, விடியிறதுக்கு முன்னாடியே கரண்டு போயிருச்சு. லைன் மேல மரம் சாஞ்சு கெடக்காம், இன்னைக்கு வராதுங்கிறாக. இன்வெர்ட்டரும் நின்னு போச்சு. கையில ஒரு சின்ன சிலிண்டரு இருக்கு, அதுலதான் வச்சுருக்கேன்."

"யாருக்குய்யா?"

"என் வீட்டம்மாவுக்கு. நுரையீரல் சுருங்கிப் போச்சுல்ல, மிஷினு இல்லாம அவளால இருக்க முடியாது. நூத்தியெட்டுக்குச் சொல்லிட்டேன். கோம்பை ரோட்டுல மரம் கெடக்கு, வர நேரமாகும்ங்கிறாக." பிறகு கேட்டார். "அந்த அடாப்டரு வந்துருச்சா ஆத்தா?"

அவர் குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்கு ஏதாவது பதில் சொல்ல வந்திருக்கும். கையில் இருந்த துணியிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டியது. "கொண்டாறேன்யா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். துணியைப் போட்டுவிட்டு முத்துராஜாவிடம் ஓடி, டெமோ காரையும் அதிலிருந்த அடாப்டரையும் கேட்டாள்.

முத்துராஜா கேட்டுவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தார். "உனக்கென்ன கிறுக்கா? டெமோ வண்டிய இந்த மழையில கொண்டு போயி எங்கனயாச்சும் சொருகிட்டா யாரு பதில் சொல்றது?"

"நாந்தான் சார் ஓடும்னு சொன்னேன்."

"எல்லாருக்கும் சொல்றதுதான."

"சார், நெசமா ஓடுமா?"

பன்னிரண்டு வருடம் கார் விற்ற முத்துராஜா, முதல் முறையாக அவளுடைய முகத்தைப் பார்க்காமல் பேசினார். "ஓடணும்" என்றார். மேசை இழுப்பறையிலிருந்து சாவியை எடுத்து வைத்தார். "போனதும் போன் பண்ணு."

டெமோ காரில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் சார்ஜ் இருந்தது. ஏற்றிக்கொண்டு போக நேரமில்லை. கம்பம் ரோட்டில் போய் உத்தமபாளையம் வழியாகச் சுற்றிவிடலாம் என்று நினைத்தாள். வீரபாண்டியில் போலீஸ்காரர் ஒருவர் மழைக்கோட்டோடு நடுரோட்டில் நின்று கையைக் காட்டினார். ஆற்றுத் தண்ணீர் ரோட்டுக்கு வந்துவிட்டதாம். "திருப்பு, திருப்பு. போடி வழியாப் போ, போக முடிஞ்சா." வந்த வழியே திரும்பினாள். அந்தச் சுற்றுக்கு எவ்வளவு சார்ஜ் போனது என்று திரையைப் பார்த்துக்கொண்டே ஓட்டினாள்.

போடி தாண்டியதும் ரோட்டில் வண்டிகளே இல்லை. சார்ஜை மிச்சம் பிடிக்க ஏசியை நிறுத்தினாள்; கண்ணாடி முழுக்க ஆவி படிந்தது. துப்பட்டாவால் துடைத்துத் துடைத்துப் போனாள். சத்தமே போடாத வண்டி, உள்ளே உட்கார்ந்தால் கோயிலுக்குள் இருக்கிற மாதிரி இருக்கும் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறாள். இப்போது அந்த அமைதியில் அவளுடைய மூச்சு அவளுக்கே பெரிதாகக் கேட்டது. ஒவ்வொரு மூச்சும் பண்ணைப்புரத்தில் இருக்கிற, அவள் பார்த்தே இராத ஒரு பெண்ணை ஞாபகப்படுத்தியது. இன்ஜின் ஒன்று உறுமிக்கொண்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

சிலமலைக்கு அப்பால் ஓடை ரோட்டைத் தின்றுவிட்டிருந்தது. மலையிலிருந்து இறங்குகிற செம்மண் தண்ணீர், ரோட்டின் இந்த ஓரத்தில் ஏறி அந்த ஓரத்தில் விழுந்தது. நடுவில் எவ்வளவு ஆழம் என்று தெரியவில்லை. ஒரு முழுத் தென்னை மட்டை சுழன்றுகொண்டே போனது. ஜெபஷீலா வண்டியை நிறுத்தினாள். ஸ்டீயரிங்கில் இருந்து கையை எடுக்க முடியவில்லை.

பேட்டரியை சீல் பண்ணியிருக்கிறார்கள், ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாது, பயமே வேண்டாம். இந்த வார்த்தைகளை வாரத்துக்குப் பத்துப் பேரிடமாவது சொல்லியிருப்பாள். இப்போது அதில் ஒரு எழுத்தைக்கூட அவளால் நம்ப முடியவில்லை. அவள் உட்கார்ந்திருக்கிற சீட்டுக்கு நேர் கீழேதான் பேட்டரி இருக்கிறது என்பது மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது.

பின்னால் ஒரு டிராக்டர் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் உரச்சாக்கைத் தலையில் கவிழ்த்திருந்தார். இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டினார். பெயர் பொன்னுராஜ், ராசிங்காபுரத்துக்காரர் என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது.

"எங்கனம்மா போற?"

"பண்ணைப்புரம்ணே. ஒரு அம்மாவுக்கு மூச்சு மிஷினு நின்னு போச்சு. இந்த வண்டியில இருந்து கரண்டு குடுக்கணும்."

அவர் பச்சை நம்பர் பிளேட்டைக் குனிந்து பார்த்தார். "கரண்டு வண்டிய வச்சுக்கிட்டா இதுல எறங்கப் போற?" ஓடையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். "நான் மொதல்ல போறேன். நடுவுல என் முன்வீலு குடம் முங்குச்சுன்னா திரும்பிப் போயிரு. முங்கலன்னா கையக் காட்டுறேன், என் தடத்துலயே வா. நிறுத்திராத. நிறுத்துனா தள்ளிட்டுப் போயிரும்."

டிராக்டர் இறங்கியது. நடுவில் தண்ணீர் முன்சக்கரத்தில் ஏறியது. சக்கரத்தின் நடுவில் இருக்கும் குடம் முங்கவில்லை. அவர் கையைத் தூக்கி அசைத்தார்.

"ஆண்டவரே" என்று சொல்லிக்கொண்டு அவள் இறக்கினாள். முதலில் சக்கரத்தில் தண்ணீர் அறையும் சத்தம். பிறகு கதவில். பிறகு காலுக்கடியில் ஏதோ முட்டியது, கல்லோ கட்டையோ. அந்தச் சத்தத்தில் அவளுக்கு உடம்பெல்லாம் கூசி, ஷாக் அடித்துவிடும் என்ற பயத்தில் இரண்டு காலையும் தரையிலிருந்து மேலே தூக்கிவிட்டாள்.

ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் வண்டி அடங்கியது. மலைப்பாதையில் இறங்கும்போது பிரேக்கே தேவையில்லை, காலை எடுத்தாலே தானாக நிதானப்படும் என்று அவள் பெருமையாகச் சொல்கிற அதே குணம். ஓடை நடுவில் வண்டி நிதானப்பட்டது. பின்பக்கம் மெதுவாக ஒரு பக்கமாக நகர்ந்தது. ரோடு காரை விட்டுவிட்ட மாதிரி, தொட்டிலில் இருக்கிற மாதிரி ஓர் ஆட்டம். திரையில் மஞ்சளாக ஏதோ விளக்கு எரிந்தது.

"மிதிம்மா! மிதி!" பொன்னுராஜ் சாக்கை எறிந்துவிட்டுக் கத்தினார்.

அவள் மிதித்தாள். அழுதுகொண்டே மிதித்தாள். சக்கரம் வெறுமனே சுற்றியது, பிறகு எதையோ பிடித்தது. கார் ஒரு குலுக்கலோடு மேட்டில் ஏறியது. கதவைத் திறந்து இறங்கி, ரோட்டோரத்தில் குனிந்து வாந்தி எடுத்தாள். நிமிர்ந்து பார்த்தபோது ஓடையில் தண்ணீர் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது.

"இனிமே இந்தப் பக்கமா யாரும் போக முடியாது, வரவும் முடியாது" என்றார் பொன்னுராஜ். "நீ போ ஆத்தா."

பண்ணைப்புரத்தில் கருத்தக்கண்ணன் வாசலிலேயே நின்றிருந்தார். அவள் டிக்கியைத் திறந்து அடாப்டரை எடுத்து அவரிடம் கொடுத்தாள். உறையை அவர் பல்லால் கிழித்தார்.

உள்ளே கட்டில் ஓரத்தில் அவருடைய மனைவி மொக்கம்மாள் இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒல்லியான உடம்பு. மூக்கில் குழாய். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் இரண்டும் காது வரை ஏறி இறங்கின. உதடு ஈயம் பூசிய மாதிரி இருந்தது. சிலிண்டரின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாதென்று கருத்தக்கண்ணன் காற்றைக் குறைத்து வைத்திருந்தார்.

முதலில் அவருடைய காரில் மாட்டினார்கள். திரையில் ஒரு வரி வந்தது. ஜெபஷீலா அதை இரண்டு முறை படித்தாள். இருபது சதவீதத்துக்கு மேல் சார்ஜ் இருந்தால்தான் வெளியே கரண்டு தரும். அவருடைய வண்டியில் பதினொன்று இருந்தது.

"நேத்து கம்பத்துக்குப் போயி மாத்திரை வாங்கிட்டு வந்தேன்" என்றார் அவர். "வந்து சார்ஜ் போடலாம்னா இடி இடிச்சுக்கிட்டே இருந்துச்சு. பயந்துக்கிட்டுப் போடல." பிறகு அவளைப் பார்த்தார். "இருபதுக்குக் கீழ போனாக் குடுக்காதுன்னு நீ சொல்லலியே ஆத்தா."

"எனக்கே தெரியாதுய்யா."

அவர் தன் காரைப் போர்ட்டிகோவிலிருந்து மழைக்குள் எடுத்துவிட்டார். டெமோ கார் உள்ளே வந்தது. அதில் முப்பத்து மூன்று இருந்தது. அடாப்டரை மாட்டி, எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் சன்னல் வழியாக உள்ளே கொடுத்து, மிஷின் சுவிட்சைப் போட்டார்கள். மிஷின் ஒரு தடவை பீப் என்றது. உள்ளே எதுவோ சுற்ற ஆரம்பித்தது. உடனே நின்றுவிட்டது. காரின் திரையில் சிவப்பாக எச்சரிக்கை.

அதே நேரத்தில் சிலிண்டரின் சீறலும் நின்றது.

மொக்கம்மாள் கணவரைத் தேடிக் கையை நீட்டினார். கருத்தக்கண்ணன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏதாச்சும் பண்ணு ஆத்தா, ஏதாச்சும் பண்ணு" என்றார். மொக்கம்மாளின் விரலில் மாட்டியிருந்த, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் சின்னக் கருவியில் எண்பத்தொன்று என்றிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுபத்தொன்பது ஆனது.

ஜெபஷீலாவுக்கு ஓடிவிட வேண்டும்போல் இருந்தது. ஓட இடமில்லை, ஓடை பின்னால் மூடிவிட்டது. பார்வை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் விழுந்தது. அது சன்னல் சாரல் நனைத்த தரையில் கிடந்தது. ஓட்டைகளில் தண்ணீர் மின்னியது.

"அய்யா, இதுல ஈரம் ஏறிருக்கு. மிஷினவே கார்கிட்ட தூக்கிருவோம். குழாய் நீளமா இருக்குல்ல?"

இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மிஷினைப் போர்ட்டிகோவுக்குக் கொண்டுபோனார்கள். எவ்வளவு கனம் என்று அவளுக்கு உறைக்கவில்லை. காய்ந்த இடத்தில் வைத்து, ஒயரை நேராக அடாப்டரிலேயே செருகினாள். காரின் எச்சரிக்கையை நீக்கிவிட்டு, ஷாக் அடித்தால் அடிக்கட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு மிஷின் சுவிட்சைப் போட்டாள்.

பீப். சிவப்பு விளக்கு. உள்ளே சுற்றும் சத்தம். நிற்கவில்லை. பிறகு புஸ், டக், புஸ், டக் என்று ஒரே தாளமாக அடிக்க ஆரம்பித்தது. சிவப்பு விளக்கு மட்டும் மாறவில்லை.

"அது மாற கொஞ்ச நேரமாகும்" என்றார் கருத்தக்கண்ணன். ஓடிப் போய் மனைவி பக்கத்தில் உட்கார்ந்தார். அங்கிருந்து எண்ணைச் சத்தமாகச் சொன்னார். "எழுவத்தி நாலு." மழை. "எழுவத்தி நாலு." மிஷினின் விளக்கையே பார்த்துக்கொண்டு ஜெபஷீலா ஈரத்தரையில் மண்டியிட்டிருந்தாள். ஜெபம் செய்ய நினைத்தாள், வார்த்தை வரவில்லை. "எழுவத்தாறு" என்ற குரல் வந்தது. விளக்கு பச்சையானது. "எண்பது." அதற்குப் பிறகு அவர் எண் சொல்லவில்லை. அழுகிற சத்தம்தான் கேட்டது. அழுதது அவர்தான்.

அன்று சாயங்காலம் மழை சற்று ஓய்ந்தது. மூச்சு நிதானப்பட்டு மொக்கம்மாள் சுவரில் சாய்ந்திருந்தார். கருத்தக்கண்ணன் அடுப்படியில் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தார். ஜெபஷீலா நிமிடத்துக்கு ஒரு தடவை எழுந்து போய்த் திரையைப் பார்த்துவிட்டு வந்தாள். சார்ஜ் மெதுவாகத்தான் குறைந்தது; ஆனால் குறைந்துகொண்டே இருந்தது. இருபதைத் தொட்டால் நின்றுவிடும்.

"இங்கன உக்காரு தாயி" என்றார் மொக்கம்மாள். இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு. "அவுக காருக்கு ஆசப்படுற ஆளில்ல. மோட்டார் சைக்கிளே போதும்பாக. ராத்திரி கரண்டு போனா... எந்திரிச்சு உக்காந்துக்குவாக. கரண்டு வர்ற வரைக்கும்... என் மூச்ச எண்ணிக்கிட்டு." கொஞ்சம் இளைப்பாறினார். "வண்டி வந்த அன்னைக்குத்தான்... கால நீட்டித் தூங்குனாக. எல்லாரும் என்னென்னத்துக்கோ வாங்குறாக. இவுக பயத்துல வாங்குனாக."

ஜெபஷீலா அவர் அருகில் போய் உட்கார்ந்தாள்.

"அந்தச் சாமான் வரலங்கிறத... என்கிட்ட சொல்லவேயில்ல தாயி. இன்னைக்கு நீ கொண்டாறப்பத்தான் எனக்கே தெரியும்."

அப்படியென்றால் இத்தனை வாரமும் அவர் தனியாகவே பயந்துகொண்டிருந்திருக்கிறார். இவள் போனைக் கவிழ்த்து வைத்த ஒவ்வொரு முறையும். அவளால் அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "என் தப்புதாம்மா" என்றாள். மொக்கம்மாள், கஞ்சிக்கு ஊறுகாய் எடுத்துவரச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார்.

மறுநாள் விடிந்து வெகுநேரம் கழித்துத்தான் லைன் சரியாகிக் கரண்டு வந்தது. அப்போது காரில் இருபத்திரண்டு மிச்சமிருந்தது.

டெமோ காரின் அடிப்பக்கம் நசுங்கியிருந்ததைப் பார்த்து முத்துராஜா அரை மணி நேரம் கத்தினார். கத்தி முடித்துவிட்டு, கருத்தக்கண்ணனையும் மொக்கம்மாளையும் காரோடு நிறுத்திப் படம் எடுத்து ஷோரூம் வாசலில் போர்டு வைக்கலாமா என்று கேட்டார். ஜெபஷீலா முடியாது என்றாள். போர்டு இல்லாமலே செய்தி பரவியது. தேவாரத்திலிருந்தும் கோம்பையிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். மைலேஜ் கேட்கவில்லை. வீட்டில் டயாலிசிஸ் செய்துகொள்கிற அண்ணனுக்காக ஒருவர், குறைமாதக் குழந்தைக்காக ஒருவர். முன்பெல்லாம் விற்றால் சந்தோஷம் வரும். இப்போது புக்கிங் எழுதப் பேனாவை எடுக்கவே தயங்கினாள். "மிஷின எடுத்துட்டு வாங்க, மாட்டிப் பாத்துட்டு அப்புறம் எழுதலாம்" என்றாள். சில மிஷின்கள் ஓடின. ஒன்று ஓடவில்லை, அந்த ஆளைக் கார் வாங்காமல் திருப்பி அனுப்பினாள். முத்துராஜா மூன்று நாள் அவளோடு பேசவில்லை.

கருத்தக்கண்ணனுக்கு வர வேண்டிய அடாப்டரும் ஒருவழியாக வந்து சேர்ந்தது. கார்த்திகையில் மறுபடி வானம் கறுத்தது. அவள் புதுத் தம்பதி ஒன்றுக்கு வண்டியின் உட்புறத்தைக் காட்டிக்கொண்டிருந்தபோது அவர் போனில் கூப்பிட்டார்.

"ஆத்தா, மேக்க கறுத்துக்கிட்டு வருது. சார்ஜ் எண்பத்தி நாலு இருக்கு. போதுமா?"

"ஒரு நாளைக்கு மேலயே தாங்கும்யா. இருந்தாலும் ஒருக்க மாட்டிப் பாருங்க. நான் லைன்லயே இருக்கேன்."

புதுத் தம்பதியிடம் ஒரு நிமிடம் என்று கையைக் காட்டிவிட்டு வெளியே வந்தாள். மேற்கே மலை தெரியவில்லை. போனில் அவர் நடக்கிற சத்தம், எதையோ இழுக்கிற சத்தம், பிளக் செருகுகிற சத்தம். பிறகு ஒன்றுமில்லை. அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அவுகளுக்கு வேற வேலையே இல்ல தாயி" என்று மொக்கம்மாளின் குரல், மூச்சு வாங்கிக்கொண்டு வந்தது. "மிஷினு ஓடுது, காருல மாட்டி ஓட்டிக்கிட்டு இருக்காக. நீ சாப்பிட்டியா?"

"இன்னும் இல்லம்மா" என்றாள் ஜெபஷீலா.